அழைப்பு உண்டு, இலை இல்லை

கொடுமுடிக் காவிரியிலிருந்து தீர்த்தம் எடுத்துச் செல்லாத கொங்குக் கிராமங்கள் குறைவு. கோயில் நோன்பு சாட்டிய ஊர்களிலிருந்து குடங்களோடு மக்கள் மகுடேசுவரர் கோயில் படித்துறைக்கு வருகிறார்கள். மேளம் முழங்கத் தீர்த்தம் சுமந்து திரும்புகிறார்கள். இது யாருடைய குடம் என்று ஆறு கேட்பதில்லை. ஆனால், அந்தத் தீர்த்தம் ஊர் எல்லையை அடைந்த பிறகு எந்தத் தெரு வழியே போகும், எவருடைய கை அதைத் தொடலாம் என்பதெல்லாம் ஆற்றின் பொறுப்பில் இல்லை. அதை ஊர் தீர்மானிக்கிறது.

தண்ணீரையும் தீட்டையும் சேர்த்தே அறிந்த இந்த மண்ணில், யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்துக்குத் தனியே உரை தேவையில்லை. நடந்து களைத்த இயேசு உச்சிவேளையில் ஒரு கிணற்றடியில் அமர்கிறார். யூதர்கள் புழங்காத சமாரிய இனத்துப் பெண் ஒருத்தி நீர் இறைக்க வருகிறாள். அவளிடம் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். வியந்து போகிறவள் அவள்தான். லூக்கா நற்செய்தி சொல்லும் விருந்துக் கதையும் இதன் தொடர்ச்சியே. அழைக்கப்பட்ட பெரிய மனிதர்கள் சாக்குப்போக்குச் சொல்லி ஒதுங்க, வீட்டுக்காரர் தெருவோரத்து ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைத்து வந்து பந்தியில் அமர்த்தச் சொல்கிறார்.

எளியோருக்கும் விலக்கப்பட்டோருக்கும் கிறிஸ்தவம் விடுத்த அழைப்பின் சாரம் இவ்விரு கதைகளில் அடங்கிவிடுகிறது. அந்த அழைப்பை நம்பி வந்தவருக்குப் பந்தியில் இலை போடப்பட்டதா என்பதே என் கேள்வி. இது சமயக் கேள்வி மட்டுமன்று. அரசியல் சாசனக் கேள்வியும்கூட. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தலித் முஸ்லிம்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி வழங்கலாமா என்று ஆராய்வதற்காக, உச்சநீதிமன்ற முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் மத்திய அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. இரண்டு ஆண்டுகளில் முடிந்திருக்க வேண்டிய அப்பணிக்குக் காலநீட்டிப்பும் தரப்பட்டது. ஆணையத்தின் முன்னுள்ள கேள்வியைக் கொங்கு நாட்டிலிருந்து பார்க்கும்போது, தில்லியிலிருந்து தெரியாத சில உண்மைகள் தெரிகின்றன.

கொங்கில் அழைப்பைக் கேட்டவர்கள்

லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டபிள்யூ.பி. ஆடிஸ் 1830-இல் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கினார். பின்னாளில் ஈரோடு அச்சங்கத்தின் முக்கிய மையமானது. ஏ.டபிள்யூ. பிரப் அங்கே பணியாற்றினார். பெயர் மாற்றப்பட்ட பிறகும் மக்கள் வாயில் நிலைத்திருக்கும் பிரப் ரோடும், பிரப் நினைவு ஆலயமும் அவர் பெயரைச் சொல்கின்றன. திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் தந்தவரும், இந்திய இசை குறித்து நூல் எழுதியவருமான எச்.ஏ. பாப்லி உழைத்த களமும் ஈரோடுதான்.

கொங்குக் கிராமங்களில் இவர்களுடைய குரலுக்குச் செவிசாய்த்தவர்களில் பெரும் பகுதியினர் நிலமற்ற தாழ்த்தப்பட்ட மக்களே. குறிப்பாக, இன்று அருந்ததியர் என்று அழைக்கப்படும் மாதாரிகள். கிணற்றிலிருந்து நீர் இறைத்த கவலைக்குத் தோல் தைத்தவர்கள் அவர்கள். பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு உழைத்தவர்கள் அவர்கள். அதே கிணற்றில் இறங்க உரிமை இல்லாதவர்களும் அவர்கள்தான். அந்த வாழ்க்கையின் உள்முகத்தை அறிய விரும்புவோர் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவலைப் படிக்கலாம். அப்படிப்பட்ட ஒருவரிடம், கடவுள் உன் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார் என்று சொன்னால் அது அவருக்கு எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

அந்தச் செய்தி வெறும் சொல்லாக நின்றுவிடவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். எழுத்து வந்தது, மருத்துவம் வந்தது, மகனுக்கும் மகளுக்கும் ஊர் பார்த்துச் சிரிக்காத பெயர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்திச் சென்று அமர ஓர் இடம் வந்தது. கோயில்களின் கதவு தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்க 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் வரை இந்த மாகாணம் காத்திருந்ததை நினைத்தால், சட்டமின்றியே திறந்திருந்த ஒரு கதவின் மதிப்பு புரியும்.

பட்டியல் மாறும் விந்தை

ஆனால், அந்தக் கதவுக்குள் நுழைந்தவருக்கு வேறொரு கதவு அடைக்கப்பட்டது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி பிறப்பிக்கப்பட்ட அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைத் தவிர வேறு சமயத்தைப் பின்பற்றுபவர் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்று வரையறுத்தது. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். ஆகஸ்ட் 10-ஐ ஆண்டுதோறும் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிப்பதன் காரணம் இதுவே.

இதன் விளைவு கொடுமுடி வட்டாரத்தில் எப்படி அமையும் என்று பார்ப்போம். ஒரே காலனியில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரு அருந்ததியர் குடும்பங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரு வீட்டாரும் ஒரே தோட்டத்தில் மஞ்சள் வெட்டவும் கரும்பு வெட்டவும் போகிறவர்கள். ஒரு குடும்பம் இந்து, மற்றொன்று கிறிஸ்தவம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீத இட ஒதுக்கீட்டுக்குள், மிகவும் பின்தங்கியவர்கள் என்பதால் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. முதல் வீட்டுப் பிள்ளைக்கு அது கிடைக்கும். இரண்டாம் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காது. தாழ்த்தப்பட்டோரிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறை ஆனாலும், இம்மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார்கள். அப்பிள்ளை போட்டியிட வேண்டியது 26.5 சதவீதப் பிரிவில்.

அந்தப் பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள்? இந்த வட்டாரத்தின் பெரும்பான்மை நிலவுடைமைச் சமூகமான கொங்கு வேளாளரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அதாவது, தோட்டக்காரரின் பிள்ளையும் அத்தோட்டத்துக் கூலியாளின் பிள்ளையும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள். காகிதத்தில் இது சமத்துவம் போலத் தோன்றும். தேநீர்க் கடையிலும் ஊர்க் கிணற்றிலும் நிலவாத சமத்துவத்தை, போட்டித் தேர்வின் வரிசையில் மட்டும் அரசு கண்டுபிடித்திருக்கிறது! ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதும் ஒருவருடைய வறுமையும் இழிவும் கரைந்துவிடும் என்று கிறிஸ்தவ இறையியல்கூடச் சொன்னதில்லை. நம் சட்டம் சொல்கிறது.

முரண் இத்துடன் முடியவில்லை. இதே தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. அவர்களுடைய பின்தங்கிய நிலையை அரசின் ஒரு கை ஒப்புக்கொள்கிறது. மற்றொரு கை மறுக்கிறது.

இழப்பு கல்வியோடும் வேலையோடும் நிற்பதில்லை. தாழ்த்தப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கோ தனித் தொகுதிக்கோ அவர் போட்டியிட இயலாது. சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்தப்பட்டால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்குக் கிடைப்பதில்லை. கிறிஸ்தவராக மாறியவர் அச்சட்டத்தின் கீழ் புகார் அளிக்க முடியாது என்று 2025-இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழிவாகப் பேசுகிற வாய், எதிரே இருப்பவரின் சமயத்தைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. சட்டம் மட்டும் கேட்கிறது.

நீதிமன்றங்கள் இதை எப்படி அணுகின என்பதும் கவனிக்கத்தக்கது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பவர், தம்மைப் போன்ற தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாக வழங்கிய பெட்டிக்கடை கிறிஸ்தவர் என்பதால் தமக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்பது மட்டும் போதாது. பழைய சமயத்தில் இருந்த அதே கடுமையோடு புதிய சமயத்திலும் ஒடுக்குமுறை தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்று கூறி 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2015-இல் வேறொரு வழக்கில், கிறிஸ்தவத்திலிருந்து இந்து சமயத்துக்குத் திரும்புகிறவர், அவருடைய சாதியினர் அவரை ஏற்றுக்கொண்டால் மீண்டும் பட்டியல் சாதித் தகுதி பெறலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மதம் மாறியதும் சாதி உண்மையிலேயே அழிந்துவிட்டதென்றால், இரண்டு மூன்று தலைமுறை கழித்துத் திரும்பும் பேரனுக்காக அது எங்கே காத்திருந்தது? அழியாமல் இருந்ததால்தான் திரும்பக் கிடைக்கிறது. பந்தியைவிட்டு எழுந்து வந்தால் இலை தருகிறோம் என்பதே சட்டத்தின் உட்பொருள். சமயச் சார்பற்ற அரசு ஒருவருடைய வழிபாட்டுக்கு இப்படி விலை வைக்கலாகாது.

2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையைப் பின்பற்றிக்கொண்டே வேலைக்காக மட்டும் இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கோருவது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்சநீதிமன்றம் கடிந்துகொண்டது. இன்றைய சட்டத்தின்படி அத்தீர்ப்பில் குறை காண்பது கடினம். ஆனால், ஆலயப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் மற்றொரு பெயருமாக வாழ மனிதர்களைத் தூண்டுவது எது? உண்மை சொன்னால் பிள்ளையின் படிப்பு போகும். பிள்ளையின் படிப்பைக் காத்தால் உண்மை போகும் என்ற நிலையில் ஓர் ஏழையை நிறுத்திவிட்டு, அவன் பொய் சொன்னான் என்று வருந்துவதில் பயனில்லை.

கல்லறையில் எழுந்த சுவர்

இதுவரை அரசைக் குறை கூறினேன். இனித் திருச்சபையின் பக்கம் திரும்புவது நியாயம். கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்குச் சலுகை என்று கேட்பவர்களுக்குத் திருச்சபையின் வரலாறே மறுமொழி சொல்கிறது. அந்த மறுமொழி பெருமைக்குரியதன்று.

தஞ்சைப் பகுதி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து வழிபட்ட வழக்கத்தை ஒழிக்கும்படி 1833-இலேயே ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் ஆணையிட்டார். உயர்சாதிக் கிறிஸ்தவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. 175 ஆண்டுகள் கடந்த பின், 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து இறையூரில், பாகுபாடு பொறுக்க முடியாமல் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டுப் போராடினர். அதையொட்டி வெடித்த மோதலும் துப்பாக்கிச்சூடும் இரண்டு உயிர்களைப் பறித்தன. திருச்சி மேலப்புதூரில் இறந்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்ற சுவர் பல ஆண்டுகள் போராட்டத்துக்கு உள்ளானது. உயிர்த்தெழுதலை நம்புகிற சமயத்தில், உயிர்த்தெழும் நாளில் யார் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்பதையும் சாதி முடிவு செய்ய நினைத்தது.

தமிழகத்திலிருந்து சென்ற ஆயர்களிடம் 2003 நவம்பரில் பேசிய போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகக் கண்டித்தார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணம், நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கர்களில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், சபைக்குள் தீண்டாமை நிலவுகிறது என்றும் ஒப்புக்கொண்டது. மூவரில் இருவர் தலித்துகளாக உள்ள ஒரு சபையிலிருந்து முதல் தலித் கர்தினாலாக ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா உயர்த்தப்பட 2022 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொங்குக் கிராமங்களில் இந்தச் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. இங்கே பல சபைகள் காலனியிலேயே தோன்றி, காலனிக்குள்ளேயே நிற்பவை. ஒரே சாதியினர் கூடும் ஆலயத்தில் பாகுபாடு காட்ட வேறு ஆளில்லை. ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர் போன்ற நகரங்களுக்கு அந்தக் காலனிப் பிள்ளை வரும்போதுதான் சோதனை தொடங்குகிறது. நகரத்துச் சபையின் நிர்வாகக் குழுவில் அவருக்கு இடமுண்டா? திருச்சபை நடத்தும் கல்லூரியில் ஆசிரியர் பணி உண்டா? திருமணப் பேச்சு வரும்போது சாதி கேட்கப்படாமல் இருக்குமா? இக்கேள்விகளுக்குத் திருச்சபைகள் எண்ணிக்கையோடு பதில் சொல்ல வேண்டும்.

அஞ்சுவோரின் நியாயம்

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்குவதற்கான எதிர்ப்புகளில் இரண்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இது மதமாற்றத்தை ஊக்குவிக்கும் என்பது. இன்றைய சட்டம்தான் தராசின் ஒரு தட்டில் கையை வைத்திருக்கிறது. தகுதியைச் சமயத்திலிருந்து பிரித்தால் அந்தக் கை விலகும். அதற்குமேல் எதையும் அது ஊக்குவிக்காது. சீக்கியத்தையும் பௌத்தத்தையும் ஏற்றோருக்குத் தகுதி தந்ததால் நாடு நிலைகுலைந்துவிடவில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இந்து தாழ்த்தப்பட்ட மக்களிடமிருந்தே வருகிறது. மிஷன் பள்ளிகளால் முன்னேறிய கிறிஸ்தவர்கள் எங்கள் பங்கையும் எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் அச்சம். 18 சதவீதத்துக்குள் தமக்கு உரியது கிடைக்காமல் நெடுங்காலம் போராடி 3 சதவீதம் பெற்ற அருந்ததியரின் மண்ணில், இந்த அச்சத்தை யாரும் அலட்சியமாகப் பேச முடியாது. இல்லாதவரின் இலையிலிருந்து எடுத்து இல்லாதவருக்கு வைப்பது விருந்தாகாது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. தலித் கிறிஸ்தவர்கள் இப்போது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் எண்ணப்படுகிறார்கள். அவர்களைத் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு மாற்றும்போது, ஆளோடு பங்கும் மாற வேண்டும். அவர்களுடைய மக்கள்தொகைக்கு ஏற்ற சதவீதமும் உடன் வர வேண்டும். அப்போது இந்து தாழ்த்தப்பட்டோரின் பங்கு குறையாது. பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு செல்லும் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு அளித்திருப்பதால், அப்பங்கைத் தனியே வரையறுக்கவும் வழியுண்டு. இதனால் பிற்படுத்தப்பட்டோர் தரப்பில் எதிர்ப்பு எழலாம். அதை எதிர்கொள்ள, சாதியையும் சமயத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட நம்பகமான புள்ளிவிவரம் வேண்டும்.

மூன்றாம் பத்தியை நீக்கலாம் என்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இலேயே பரிந்துரைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தகுதி கோரித் தமிழக சட்டப்பேரவை 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. எந்த ஆட்சி மத்தியில் இருந்தாலும் இக்கோரிக்கை ஓர் ஆணையத்திலிருந்து மற்றோர் ஆணையத்துக்கு நகர்வதே வழக்கமாக இருக்கிறது. இம்முறையும் அப்படி ஆகிவிடக் கூடாது.

திருச்சபைகளும் தீர்ப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கல்லறைச் சுவர்களை இடிக்கவும், தேர்த்திருவிழாவில் எல்லாத் தெருவுக்கும் தேரை அனுப்பவும், தம் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் தலித் கிறிஸ்தவர்களுக்குரிய இடங்களை வழங்கி அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடவும் எந்த அரசாணையும் தேவையில்லை. அரசிடம் சமூக நீதி கேட்டு வீதிக்கு வருகிற ஆயர்கள், அதே நீதியைத் தம் வளாகத்துக்குள் நடத்திக் காட்டினால் அவர்கள் குரலுக்கு வலுக்கூடும்.

எளியோரை அழைப்பது எளிது. அழைப்புக்குச் செலவில்லை. வந்தவர் தம் உரிமையை வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று அரசு சொல்வதும், உள்ளே வந்தவர் கடைசி வரிசையில் அமர வேண்டும் என்று சபை சொல்வதும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும் அநீதிகள். முதலாவதை நாடாளுமன்றம் ஒரு திருத்தத்தால் நீக்கலாம். இரண்டாவதை நீக்க, ஞாயிறுதோறும் அந்தக் கிணற்றடிக் கதையை வாசிக்கிறவர்கள் அதை ஒருமுறை நம்பிப் பார்த்தால் போதும்.